ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கத்தி

தையல்காரருக்குக் கத்தரிக்கோலைப் பற்றி எல்லாம் தெரியும், கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கல்யாணமான இருபத்தோராம் வருஷத்தில் அவர் மனைவி கத்தி செய்ய ஆரம்பித்தாள். அன்றிலிருந்து வாசல் அறையில் அவருடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு புது வேலைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. மனைவி செய்கிற கத்திக்குத் தோலில் உறை தைப்பது ஒன்று. கத்தி கேட்டு வருகிற கடிதங்களுக்கும் போன் செய்திகளுக்கும் பதில் எழுதுவது இன்னொன்று. முதல் வேலை அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டாவதில் தலைமுடி கொட்டியது.

மனைவி அதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவள். அச்சகங்களில் காகிதக் கட்டை ஒரே வெட்டாக வெட்டுகிற மெஷின் இருக்கிறதே, அதற்கான நீள நீளமான அலகுகளைச் சாணை பிடிப்பது அவள் வேலை. தொழிற்சாலையை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள், அவள் போகவில்லை. வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்துக்குத் தகரக் கூரை போட்டாள். பழைய மோட்டார் ஒன்றை வாங்கிவந்து சாணை மெஷின் ஆக்கினாள். செங்கல் வைத்துச் சின்னதாக ஒரு உலை கட்டினாள். முதல் கத்தி வீட்டுச் சமையலுக்கு, இரண்டாவது பக்கத்து வீட்டுக்கு. மூன்றாவது எப்படியோ ஒரு பல் டாக்டர் கைக்குப் போனது. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

பல் டாக்டர் ஒரு கத்திப் பைத்தியம். அவரைப் போல நானூறு பைத்தியங்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். டாக்டர் அதில் படம் போட்டார். நடுவிரல் நீளத்துக்கு அலகு, கை நிறையப் பிடி, அவ்வளவுதான் கத்தி. பார்க்க ஒரு அலங்காரமும் கிடையாது. ஆனால் கையில் எடுத்தவர்கள் கீழே வைக்க மனசு வராமல் வைத்திருந்தார்கள். குழுவே அதற்குக் 'குட்டி' என்று பெயர் வைத்தது. அவளுக்குப் 'பட்டறை அக்கா' என்று பெயர் வைத்தது. பெயர் வைத்த கையோடு குறை சொல்லவும் ஆரம்பித்தது.

குறை என்றால் குறை இல்லை, ஆசை. அதைப் புரிந்துகொள்ளத் தையல்காரருக்கு ஒரு வருஷம் பிடித்தது. "அருமையான கத்தி அக்கா, இதே கத்தி, துருப்பிடிக்காத எஃகுல கிடைக்குமா?" என்பார் ஒருவர். "முனை அரை விரக்கடை கீழ இறங்கியிருந்தா பிரமாதமா இருக்கும்" என்பார் அடுத்தவர். ஒருத்தருக்கு அலகு நீளமாக வேண்டும், இன்னொருத்தருக்கு அதே அலகு குட்டையாக வேண்டும். பால்பேரிங் செய்கிற எஃகில் ஒன்று, லாரி வில்லுப்பட்டையில் ஒன்று. எல்லாருக்கும் மேலே ஒருவர் இருந்தார். எந்தக் கத்தியைப் பார்த்தாலும் அதன் எஃகின் கடினத்தைக் காட்டுகிற எண் எத்தனை என்றுதான் முதலில் கேட்பார். அறுபத்திரண்டுக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் முகம் வாடிவிடும். அவருக்குக் குழுவில் 'அறுபத்திரண்டு' என்றே பெயர். அவர் கேட்டது தூள் எஃகு.

"தூள் எஃகுன்னா என்னம்மா?" என்று தையல்காரர் மனைவியிடம் கேட்டார்.

"எஃகை உருக்கி, மாவு மாதிரி தூளாக்கி, மறுபடி அழுத்திக் கட்டியாக்கறது. கூர் சீக்கிரம் மழுங்காதாம்."

"அப்ப ஏன் நீ அதுல செய்யல?"

"அதுல நான் செஞ்சு பாத்ததில்லையே" என்றாள் அவள்.

அவளுடைய குணம் அது. முடியாது என்று அவள் வாயிலிருந்து வந்து தையல்காரர் கேட்டதில்லை. யார் என்ன கேட்டாலும், "செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். சொன்னால் செய்தும் பார்ப்பாள். முனை இறங்கிய கத்தி ஒன்று, முதுகு வளைந்த கத்தி ஒன்று, விரல் வைக்கப் பள்ளம் விட்ட கத்தி ஒன்று என்று பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்த சோதனைக் கத்திகளே முப்பதைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றின் கீழும் கரியால் ஒரு வரி எழுதியிருக்கும்: 'நல்லது, ஆனால் மணிக்கட்டு வலிக்கிறது.' 'கேட்டவர் சொன்னது சரி.' 'அழகு மட்டும்.'

இப்படியே போனால் இவள் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று தையல்காரர் பயந்தார். அதனால் அவளிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். வருகிற கடிதங்களில் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தவற்றை அவரே ஒதுக்கிவிட்டு, 'மன்னிக்கவும், இப்போது புது வடிவங்கள் செய்வதில்லை' என்று பதில் போட்டுவிடுவார். சட்டைக்கு மூன்று கை கேட்பவனிடம் அளவெடுக்கவா முடியும் என்பது அவர் நியாயம்.

அப்படி ஒதுக்கியதில் ஒன்று, கோடு போட்ட தாளில் சாய்வான எழுத்தில் வந்திருந்தது. 'கத்தியை ஒரு பக்கம் மட்டும் தீட்டியிருக்க வேண்டும். இடது பக்கம் சரிவு, வலது பக்கம் கண்ணாடி மாதிரி தட்டை. எந்த எஃகு என்பது உங்கள் விருப்பம்.' தையல்காரர் அதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தார். எஃகு எதுவானாலும் சரியாம், ஆனால் பாதிக் கத்தி போதுமாம்! வழக்கமான பதிலை எழுதி அனுப்பிவிட்டு மறந்தும்போனார்.

அவள் வரவழைத்த தூள் எஃகுக் கட்டை வந்து சேர்ந்தது. பார்க்க மற்ற எஃகு மாதிரிதான் இருந்தது. சாணையில் வைத்ததும்தான் அதன் குணம் தெரிந்தது. சாதாரணமாக ஒரு சாணைப் பட்டையில் நாலு கத்தி தேய்ப்பாள். இது ஒரே கத்திக்கு மூன்று பட்டைகளைத் தின்றது. அடுத்தது உலை. இந்த எஃகுக்கு வேண்டிய சூட்டை அவள் உலையால் தொட முடியவில்லை. வேறு யாராக இருந்தாலும் கட்டையைத் தூக்கி மூலையில் போட்டிருப்பார்கள். அவள் உலையைப் பிரித்தாள். செங்கல் செங்கலாக எடுத்து அடுக்கி, உள்ளே இரட்டைச் சுவர் வைத்து, வாயைச் சின்னதாக்கி மறுபடி கட்டினாள். தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு இரண்டு நாள் செங்கல் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை அலகு உள்ளே போய், வெளியே வந்து, எண்ணெயில் இறங்கியது. அவள் அதைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு விரல் நகத்தால் சுண்டினாள். கணீர் என்றது.

"சரியா வந்திருக்கா?" என்றார் இவர்.

"கேட்டீங்கள்ல?" என்றாள்.

அவர் கேட்டார்தான். ஆனால் அந்த ஓசையில் அவளுக்குக் கேட்டது எதுவோ, அது தனக்குக் கேட்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தே அது தண்ணீரில் எவ்வளவு சுருங்கும் என்று சொல்பவர் அவர். ஆனாலும் வியர்த்த முகத்தோடு அந்த அலகைக் காதருகே வைத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தபோது, இவளோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் பாதிதான் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

அந்த வாரமே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். "எல்லாரும் எஃகு எஃகுன்னு கேக்கறாங்க. நாலு எஃகுல ஒரே மாதிரி நாலு கத்தி செய்யறேன். எது எதுன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம். வந்து வெட்டிப் பாத்து அவங்களே சொல்லட்டும். எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

சாதாரணக் கரி எஃகு ஒன்று, பேரிங் எஃகு ஒன்று, துருப்பிடிக்காதது ஒன்று, தூள் எஃகு ஒன்று. நாலுக்கும் ஒரே கனம், ஒரே பிடி. நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று நாலையும் கூழாங்கல்லோடு டப்பாவில் போட்டு உருட்டி ஒரே சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். பிடியின் அடியில் ஒன்று முதல் நாலு வரை புள்ளி வைத்தாள். விடையை எழுதிய சீட்டு தையல்காரரின் பொத்தான் டப்பாவுக்குள் போனது. இதுவரை கடிதம் எழுதிய எல்லாருக்கும், ஒதுக்கப்பட்டவர்களுக்கும் சேர்த்தே, அவர் அழைப்பு அனுப்பினார். வருவது எப்படியும் நாலைந்து பேர்தானே என்று ஒரு தைரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பேர் வந்தார்கள். பல் டாக்டர் வெள்ளைச் சட்டையில், ஏதோ பெண் பார்க்க வந்தவர் மாதிரி கூச்சத்தோடு வந்தார். அறுபத்திரண்டு ஒரு பெட்டியே கொண்டுவந்திருந்தார். அதில் பூதக்கண்ணாடி, அரம், குறிப்பு நோட்டு. கடைசியாக ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், வெயிலில் காய்ந்த முகம், இடுப்பில் ஒரு சின்னப் பை. யாரோடும் பேசாமல் கதவோரம் நின்றாள்.

கயிறு வெட்டினார்கள். அட்டைப் பெட்டிகளைக் கிழித்தார்கள். தக்காளியைத் தாள் மாதிரி சீவினார்கள். பட்டறையே ஏதோ பரீட்சை மண்டபம் போல ஆகிவிட்டது. அறுபத்திரண்டு ஒவ்வொரு வெட்டுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டார். ஒரு மணி நேரம் கழித்து மூன்று புள்ளிக் கத்தியைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் தூள் எஃகு. என் தலையை அடகு வைக்கிறேன்" என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

கதவோரம் நின்ற பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். "அக்கா, நான் தீட்டிப் பாக்கலாமா?"

"தீட்டினா டெஸ்ட்டே கெட்டுப்போயிடுமே!" என்றார் அறுபத்திரண்டு.

"பரவால்ல, தீட்டட்டும்" என்றாள் பட்டறை அக்கா.

அந்தப் பெண் இடுப்புப் பையிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு கல்லை எடுத்தாள். தேய்ந்து நடுவில் குழி விழுந்த கல். தண்ணீரில் நனைத்து வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் கத்தியை அதன் மேல் ஓட்டினாள். ஒவ்வொரு கத்திக்கும் பத்துத் தடவை, அதற்கு மேல் இல்லை. கண் வேறெங்கோ இருந்தது. காதும் விரலும்தான் வேலை செய்தன.

"இதுல கல்லு வழுக்கிட்டே போகுது, ஒட்டவே மாட்டேங்குது. இதுதான் நீங்க சொல்ற தூள்" என்று நாலு புள்ளிக் கத்தியைத் தனியே வைத்தாள். "இது கோந்து மாதிரி இழுக்குது. துருப்பிடிக்காதது." அது ஒரு புள்ளி. மீதி இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்த்தாள். "இது ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு. ஆனா மூணு புள்ளிதான் சீக்கிரம் கல்லுல கறுப்பா இறங்குது. சாதாரண எஃகு இது. அப்ப ரெண்டு புள்ளி பேரிங்."

தையல்காரர் பொத்தான் டப்பாவைத் திறந்து சீட்டைப் படித்தார். நாலும் சரி. தலையை அடகு வைத்து அறுபத்திரண்டு தூக்கிப் பிடித்தது சாதாரணக் கரி எஃகு.

அறுபத்திரண்டின் காது மடல் சிவந்துவிட்டது. மனுஷன் கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிவிடப் போகிறார் என்று தையல்காரர் நினைத்தார். ஆனால் அவர் அந்தப் பெண்ணிடம் போய், "இன்னொரு தடவை தீட்டுங்க. எனக்கும் அந்தச் சத்தம் கேக்கணும்" என்றார். அவள் தீட்டினாள். அவர் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, மழை நின்றுவிட்டதா என்று கேட்பவர் மாதிரி கேட்டார். அந்த நிமிஷத்திலிருந்து தையல்காரருக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று பட்டறை அக்கா கேட்டாள்.

"நாற்றுப்பண்ணையில ஒட்டுக் கட்டறேன் அக்கா. ரோஜா, எலுமிச்சை, கொய்யா எல்லாம். ஒரு நாளைக்கு முந்நூறு செடி. பத்துத் தடவையாவது நின்ன இடத்துலயே தீட்டணும்."

"இதுல உங்களுக்கு எது வேணும்?"

"எஃகுன்னா மூணு புள்ளி. இந்தக் கல்லுக்கு அதுதான் படியும். ஆனா…" அவள் தயங்கினாள். "நான் கேட்டது இந்த வடிவம் இல்லக்கா. லெட்டர் போட்டிருந்தேன். செய்யறதில்லைன்னு பதில் வந்துது. அழைப்பு வந்ததால சரி, பாத்துட்டாவது போகலாம்னு வந்தேன்."

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். தையல்காரர் பொத்தான் டப்பாவை மூடினார். ஏழு பேர் நடுவில் மழுப்பியிருக்கலாம். தபாலில் தொலைந்துபோயிருக்கும் என்று ஒரு வார்த்தை போதும். அவருக்கு அது வரவில்லை.

"வந்துதும்மா. நான்தான் உன்கிட்ட காட்டல. ஒரு பக்கம் மட்டும் தீட்டணும்னு இருந்துது. விளையாட்டுக்கு எழுதியிருக்காங்கன்னு நெனச்சுட்டேன்."

அந்தப் பெண் கோபப்படவில்லை. வேலியோரம் நின்ற ரோஜாச் செடியிலிருந்து, கேட்டுக்கொண்டு, இரண்டு குச்சி ஒடித்தாள். கையிலிருந்த கத்தியால் ஒன்றைச் சாய்வாகச் சீவிக் காட்டினாள். "பாருங்க, ரெண்டு பக்கமும் சரிவு இருந்தா வெட்டு வாய் லேசா குழிஞ்சுடும். குச்சியும் செடியும் முழுசா ஒட்டாது, நடுவுல காத்து நிக்கும். ஒரு வாரத்துல கருகிடும். ஒரு பக்கம் தட்டையா இருந்தா வெட்டும் தட்டையா வரும். கடையில அப்படிக் கத்தி இருக்கு, ஆனா எல்லாம் வலது கைக்காரங்களுக்கு. அதை நான் பிடிச்சா தட்டை தப்பான பக்கம் வருது. பதினோரு வருஷமா மணிக்கட்டைத் திருப்பித் திருப்பியே வெட்டறேன்."

தையல்காரருடைய சொந்தத் தங்கச்சிக்கு இடது கை. தையல் பழகிய நாளில் அவள் வெட்டும்போதெல்லாம் கத்தரி துணியை வெட்டாமல் மடித்து மடித்து விழுங்கும், அவள் அழுவாள். இடது கைக் கத்தரி என்று ஒன்று இருப்பது தெரிந்து, தேடி அலைந்து வாங்கிக் கொடுத்தது இவர்தான். அப்படிப்பட்டவர்தான் அந்தக் கடிதத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

"செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள் மனைவி.

எல்லாரும் போனபின் அவள் தரையில் கிடந்த கயிற்றுத் துண்டுகளைக் கூட்டினாள். இவர் முறம் பிடித்தார். திட்டு வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை.

"இனிமே எல்லா லெட்டரையும் என்கிட்ட காட்டிடுங்க. முடியாதுன்னா நான் சொல்லிக்கறேன்."

"நீ ஒருநாளும் சொல்ல மாட்டியே."

"அதனாலதான்" என்றாள்.

ஒரு பக்கம் மட்டும் சரிவு என்பது கேட்க எளிது. முதல் அலகு எண்ணெயில் இறங்கியதும் வில்லாக வளைந்தது. இரண்டாவதும் அப்படியே. மெல்லிசான பக்கம் முதலில் குளிர்ந்து, தடித்த பக்கம் பின்னால் குளிர்ந்து, இரண்டும் ஒன்றையொன்று இழுத்தன. அவள் வளைந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதைச் சரிவே இல்லாமல், முழுக் கனத்தோடு காய்ச்சி முக்கினாள். நேராக வந்தது. ஆனால் இப்போது கடினப்பட்ட எஃகில் சரிவை எடுக்க வேண்டும். சூடு ஏறினால் பதம் போய்விடும். கையுறை போடாமல் வெறும் விரலால் அலகைப் பிடித்து, ஒரு இழுப்பு சாணை, ஒரு முக்கு தண்ணீர், ஒரு இழுப்பு, ஒரு முக்கு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை தேய்த்தாள்.

தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தாள். எங்கே மேடு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தையல்காரர் துணியில் கோடு போடுகிற நீலக்கட்டியை நுணுக்கி வெறும் கண்ணாடியில் மெல்லிசாகத் தூவினார். "இதுல வெச்சு எடு. மேடு எங்கயோ அங்க நீலம் ஒட்டும்." ஒட்டியது. அவள் தலைநிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அதில் அவருடைய அத்தனை நாள் கூச்சமும் கரைந்தது. எட்டாவது தடவை வைத்து எடுத்தபோது பக்கம் முழுக்க ஒரே நீலம்.

இதற்கிடையில் அறுபத்திரண்டு குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினார். 'நான் தூள் எஃகு என்று சத்தியம் செய்தது சாதாரண எஃகு. கத்தியை அப்படிப் பதப்படுத்தியவர் பட்டறை அக்கா. அதைக் கல்லில் கேட்டுச் சொன்னவர் ஒரு தோட்டக்காரர். நான் இருபது வருஷமாக எண்ணைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.' மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். அவர் எல்லாவற்றுக்கும் சிரிப்புப் பொம்மை போட்டார்.

கத்தியைக் கொடுக்க இருவரும் பஸ்ஸில் போனார்கள். பண்ணையில் பச்சை வலைக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகப் பைகளில் செடிகள்; நடுவில் நீள பெஞ்சு, அதில் ஐந்தாறு பெண்கள் ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்களைக் கண்டதும் அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கத்தியை வாங்கி உறையிலிருந்து உருவினாள். ஒரு எலுமிச்சைக் கன்றை இழுத்து, இடது கையால் ஒரே இழுப்பாகச் சீவினாள். ஒட்டுக் குச்சியையும் அப்படியே. இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். நடுவில் ஒரு கீற்று வெளிச்சம்கூட வரவில்லை.

"அக்கா…" என்றாள். நாடாவை எடுத்து ஒட்டைச் சுற்றிக் கட்டினாள். அடுத்த கன்றை எடுத்தாள், அடுத்ததை எடுத்தாள். மணிக்கட்டு திரும்பவே இல்லை. இரண்டு வெட்டு, ஒரு கட்டு, ஒரு முடிச்சு. இருபது கன்று முடிந்தபோதுதான் வந்தவர்களுக்கு உட்கார இடம் காட்டவில்லை என்று அவளுக்கு ஞாபகம் வந்தது.

பட்டறை அக்காவுக்கு உட்காரத் தோன்றவும் இல்லை. பெஞ்சுக்கு எதிரே குனிந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "ஒவ்வொரு வெட்டுக்கும் சுண்டுவிரலை உள்ள மடக்கறீங்க. பிடி நீளம் ஜாஸ்தி" என்றாள்.

"ஐயோ இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு. பழகிடும்."

"நீங்க எதுக்குப் பழகணும்? கத்தியை மாத்தலாம்." கணவர் பக்கம் கையை நீட்டினாள். அவர் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றிக் கொடுத்தார். அவள் அந்த இடது கையைப் பிடித்து, உள்ளங்கையின் அகலத்தை இரண்டு தடவை அளந்தாள்.

அதைப் பார்த்துப் பெஞ்சிலிருந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தராக எழுந்து வந்தார்கள். ஒருத்தி தன் பழைய கத்தியை நீட்டினாள். "எனக்கு வலது கைதான். ஆனா முனை இவ்வளவு கூரா இருக்க வேண்டாம்க்கா, விரலைக் குத்துது." இன்னொருத்தி, "கத்திக்குப் பின்னாடி, செடிப் பட்டையை நெம்பி விடறதுக்கு ஒரு சின்ன நாக்கு மாதிரி வெக்க முடியுமா? முடியாதோ?" என்று இழுத்தாள்.

தையல்காரர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "நாக்குன்னா எவ்வளவு நீளம்? நிதானமா சொல்லுங்க" என்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.